கழிவுத் தொட்டியில் மூன்று பேர்

அன்புள்ள அம்மாவுக்கு,

எப்சி எழுதுகிறேன். கர்த்தர் உங்களைக் காக்கட்டும். கால் வீக்கம் குறைந்ததா? அப்பாவோடு பாகாயம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினீர்களா? இங்கே நாகர்கோவிலில் சமூக அறிவியல் ஆசிரியர் பயிற்சி நல்லபடியாக நடக்கிறது. சாப்பாட்டில்தான் தேங்காய் ஜாஸ்தி.

நேற்று ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதீர்கள். தொழிற்சாலைப் பாடத்தை நடத்துவது எப்படி என்று காட்ட, பயிற்சியாளர் செய்தித்தாள் படம் ஒன்றைத் திரையில் போட்டார். நீங்கள் பைபிளுக்குள் வைத்திருக்கிறீர்களே, அதே படம். தோல் பதனிடும் ஷெட்டின் கழிவுத் தொட்டி, அருகில் துணி மூடிய மூன்று உடல்கள். "தொழிலாளர் மூவர் பலி" என்று மட்டும் போட்டிருந்தது. என்னையறியாமல் எழுந்துவிட்டேன்.

"ஓரத்துல இருக்கறது என் தம்பி சார். பேரு நெல்வின்."

அவர் பதறிப்போய்ப் படத்தை எடுத்துவிட்டார். "மன்னிச்சிடுங்க டீச்சர்" என்று சொல்லி, தம்பியின் பெயரைப் பலகையில் எழுதினார். பிறகு, "மத்த ரெண்டு பேரு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை அம்மா. மூன்று வருஷமாக நான் கேட்கவே இல்லை.

அடுத்த வாரம் அந்தப் பாடத்தை நானே நடத்துவதாகச் சொல்லியிருக்கிறேன். நெல்வினின் போர்வையை அனுப்புங்கள். இங்கே குளிர் இல்லை, தூக்கம்தான் வரவில்லை. மற்ற இரண்டு பேரும் நாட்றம்பள்ளி ஊர்ப் பக்கம் என்று அப்பா சொன்ன ஞாபகம். அவர்கள் வீடுகளைத் தேடிப் போய்ப் பெயரைக் கேட்டு எனக்கு எழுதச் சொல்லுங்கள் அப்பாவை. வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்,
எப்சி