இலைக்குவியலில் ஒரு டைனோசர்

மார்ச் 3, செவ்வாய்

பத்தாவது டைனோசரையும் இன்று ஒளித்து வைத்தாயிற்று. இடுப்பு கழன்று கிடக்கிறது. ஆனாலும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பிரமாதமான வேலை! டப்பா ஒவ்வொன்றிலும் ஒரு டைனோசர் பொம்மை, அதைப் பற்றி நான் எழுதிய நாலு வரி. பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகும் தாளில் உள்ள இட எண்களைப் போனில் போட்டால் அது டப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். அதற்கு மேல் கண்தான் தேட வேண்டும். ஜியோகேஷிங் என்றால் இவ்வளவுதான். இதை எங்கள் காட்டுப் பூங்கா மேனேஜர் மண்டையில் ஏற்ற எனக்கு ஒரு வருஷம் ஆனது.

அந்தப் பத்தாவதுதான் பெரியது, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதைக் காட்டின் கோடியில், விழுந்த மரத்தின் அருகே காய்ந்த இலைக்குள் வைத்திருக்கிறேன். ஆள் நடமாட்டமே இல்லாத இடம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடட்டும்.

மார்ச் 9, திங்கள்

மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இருபத்தொன்பதாம் தேதி பள்ளிப் பிள்ளைங்க வந்து தேடறது நல்லபடியா நடந்துச்சுன்னா காட்டுப் பாதை வேலை முழுக்க உங்களுக்குத்தாம்மா. சொதப்பிச்சுன்னா திரும்ப டிக்கெட் கவுண்டர்தான். அப்புறம் எங்கிட்ட வந்து கேக்கக்கூடாது."

ஏழு வருஷமாக அந்த ஜன்னல். காட்டுக்குள் போகிறவர்களின் கைகளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். திரும்ப அங்கே உட்காரவா? மாட்டேன்.

அக்காவிடம் போனில் சொன்னால், "டைனோசரா? ஏண்டி, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்கிறாள். இதுதான் வேலை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

தாள்கள் அச்சாகி, பள்ளிகளுக்கும் போய்விட்டன. கீழே மூலையில் என் பெயர். மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். சரி, பத்து தடவை.

மார்ச் 24, செவ்வாய்

ஐயோ.

டப்பாக்களைக் கடைசியாக ஒரு தரம் சரிபார்க்கப் போனேன். விழுந்த மரத்துக்குப் பக்கத்தில் காலைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். இலைக்குவியல் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பறவை! இலை நிறத்திலேயே ஒரு இராப்பக்கி. வெறும் தரையில் முட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது, என் டப்பாவுக்கு ஒரு சாண் தள்ளி.

எனக்கு ஏன் இது தோணலை? இலை உதிர்ந்த மாதத்தில் டப்பா வைத்தேனே, அடுத்துப் பறவைகள் முட்டையிடும் மாதம் வருமே என்று யோசித்தேனா? நான் எதற்காக அந்த இடத்தைப் பிடித்தேனோ அதற்காகத்தான் அதுவும் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அத்தனை பிள்ளைகளும் தாளைப் பார்த்துக்கொண்டு நேராக அதன் மேல்தான் வந்து நிற்பார்கள். வீட்டில் இவர் சாப்பிடக் கூப்பிடுகிறார். எப்படி இறங்கும்?

மார்ச் 25, புதன்

மேனேஜரிடம் சொன்னேன். "அவ்வளவுதானா? ஒரு பறவைதானே, முட்டையை எடுத்து அந்தப் பக்கம் வெச்சுடலாம்" என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "எடுத்து வெச்சா அது திரும்பி வராது சார். ஒரு பறவைதானேன்னா? டைனோசர் வம்சத்துல இன்னிக்கு மிச்சம் இருக்கறதே இந்தப் பறவைங்கதான்! பொம்மையைக் காட்டறதுக்காக நெஜத்தை மிதிப்பீங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவருக்கும்தான் போல. அப்புறம் அவர், "சுத்திக் கட்டக் கயிறு எவ்வளவு வேணும்?" என்று கேட்டார்.

மார்ச் 28, சனி

பறவைகளைக் கணக்கெடுக்க வரும் டீச்சர், எவ்வளவு தள்ளி நின்றால் அது மிரளாது என்று பார்த்துச் சொன்னார். அங்கே கயிறு கட்டினோம். டப்பாவைத் தொடவில்லை, கிடக்கட்டும். கயிற்றில் ஒரு பலகை தொங்கவிட்டேன்.

"பத்தாவது டைனோசர் இங்கே உயிரோடு இருக்கிறது. அடைகாக்கிறது. கயிற்றைத் தாண்டாதீர்கள், பேசாதீர்கள். கண்ணாலேயே கண்டுபிடியுங்கள்."

அது எழுந்து பறந்துவிட்டால்? முட்டையும் போச்சு, என் வேலையும் போச்சு. இவர், "நீ எழுதினதைப் படிச்சா நானே மூச்சு விட மாட்டேன், தூங்கு" என்கிறார். தூக்கமா, இன்றைக்கா?

மார்ச் 29, ஞாயிறு

வந்ததும் வராததுமாக எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பதாவது டப்பா வரை காடே அதிர்ந்தது. பிள்ளைகளின் கூச்சல் அப்படி. கயிற்றுக்கு வந்ததும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்தி நின்றார்கள். இலை, இலை, எல்லாமே இலை. ஒரு குட்டிப் பெண் முதலில் கண்டுபிடித்தாள். கத்த முடியாமல் குதித்தாள், அதுவும் நுனிக்காலில்! இராப்பக்கி அசையவே இல்லை. சாயங்காலம் வரை கூட்டம் கூட்டமாக வந்தார்கள், ஒருத்தர் கூடக் கயிற்றைத் தாண்டவில்லை.

கடைசியில் மேனேஜர் வந்தார். மண்டியிட்டுத் தேடினார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினார். நான் கையை நீட்டப் போனேன். "சொல்லிடாதீங்கம்மா, நானே பாக்கறேன்" என்று கிசுகிசுத்தார். பார்த்ததும் அவர் முகத்தைப் பார்க்கணுமே!

இது நான் செய்தது. நான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 8, புதன்

இரண்டு குஞ்சுகள். அவையும் இலை நிறம்தான். டீச்சரின் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு அழுதேன், அதற்கென்ன.

ஏப்ரல் 20, திங்கள்

கவுண்டரில் இன்று ஒரு புதுப் பெண். காலையில் உள்ளே போகப் போனேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஒரு டிக்கெட்டா மேடம்?" என்று கேட்டாள்.

"நான் உள்ளே வேலை பாக்கறேம்மா" என்றேன்.