ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

பிப்ரவரி 11

கூட்டத்தில் இன்று எனக்குக் கைதட்டினார்கள். புள்ளியியல் துறையில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டிய பிறகு முதல் தடவை. பொதுப் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் கண்டுபிடித்து நீக்குகிற மென்பொருளைச் சோதித்து அறிக்கை தருவது என் வேலை. இரண்டாயிரம் பேரை எடுத்துப் பார்த்தேன். ஆறே ஆறு தவறு. அமைச்சர் என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஓட்டு, ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் இனி இந்த ஒரே பட்டியல்தான்.

இயக்குநர் முதுகில் தட்டினான். கல்லூரியில் நானும் அவனும் ஒரே பெஞ்சு. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைத் தன் பெயரில் கட்டுரையாகப் போட்டுக்கொண்டு மேலே போனவன். சபையில் நான் அவனை ‘சார்’ என்கிறேன். அறைக்குள் அவன் என்னை ‘டா’ என்கிறான். திருப்பிச் சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை. இருந்தாலும் அவன் தட்டிய இடம் சுகமாகத்தான் இருந்தது. வெட்கக்கேடு.

பிப்ரவரி 12

மனைவியிடம் கைதட்டலைப் பற்றிச் சொன்னேன். “அப்ப இனிமே வீட்டுல எரிஞ்சு விழ மாட்டீங்கதானே?” என்றாள்.

மார்ச் 3

பட்டியல் அமலுக்கு வந்துவிட்டது. ஒரு கோடியே பத்து லட்சம் பெயர்கள் நீக்கம் என்று செய்தி. என் கணிப்பு இருபது லட்சம். பரவாயில்லை, பெரிய நாடு.

ஐந்து மடங்கு பெரிய நாடா?

மார்ச் 9

எங்கள் ஆபீஸ் மாடியைப் பெருக்கும் அம்மாள் துடைப்பத்தோடு என் மேஜையருகே வந்து நின்றாள். ரேஷன் கடையில் விரல் வைத்தால் மிஷின் சிவப்பு காட்டுகிறதாம். தாலுகா ஆபீசில் கேட்டிருக்கிறாள்.

“என்ன மாதிரியே இன்னொருத்தி இருக்காளாம் ஐயா. பேரு ஒண்ணாம், அப்பா பேரு ஒண்ணாம், பொறந்த நாளும் ஒண்ணாம். அதனால ரெண்டு பேரும் ஒரே ஆளுங்கறாங்க. சரி, அப்படியே இருக்கட்டும். அந்த ஒரு ஆளுக்காவது அரிசி போடணும் இல்ல?”

அடுத்த மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பிறந்த தேதியைக் கேட்டேன்.

“ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருக்கு. எங்க தெருவுல முக்காவாசிப் பேருக்கு அதுதான் ஐயா. எழுத வந்தவரு கேட்டாரு, தெரியாதுன்னோம், அவரே ஒண்ணு போட்டுட்டுப் போயிட்டாரு. வயசு நாப்பதுன்னு வெச்சுக்கச் சொன்னாரு.”

அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. மேலிடத்தில் விசாரிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 10

ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் பயம் சிறியதாகுமா என்று பார்ப்போம்.

பிறந்த நாள் தெரியாதவர்களுக்குக் கணக்கெடுப்பவர் முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து என்று முழுசாக ஒரு வயதையும், ஜனவரி ஒன்று என்று ஒரு தேதியையும் போடுவார். அப்படிப்பட்ட தெருக்களில் பத்துப் பதினைந்து பெயர்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். ஆகவே பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போகிறவர்கள் ஏராளமாக இருப்பார்கள். மிஷின் அவர்களை ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளும். பிறப்புச் சான்றிதழோடு வரும் வரை இருவரையுமே நிறுத்தி வைக்கும். சான்றிதழ் இருந்தால் ஏன் ஜனவரி ஒன்று?

எனக்கு இது தெரியாதா? என் மூன்றாம் அத்தியாயமே இதுதான். நூற்றுப்பத்துப் பக்கம்.

பின் எப்படிக் கோட்டைவிட்டேன்? இரண்டு நாள்தான் அவகாசம் கொடுத்தார்கள். மிஷின் சொல்வதை எதோடாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; அதற்குச் சான்றிதழ் வேண்டும். அரசு ஊழியர் குடியிருப்புகளில் எல்லோருக்கும் சான்றிதழ் உண்டு. இரண்டாயிரம் பேரையும் அங்கிருந்தே எடுத்தேன். சரிபார்க்க முடிந்தவர்களை மட்டும் எடுத்துச் சரிபார்ப்பது – எங்கள் படிப்பைப் படித்தவன் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம்.

அறிக்கையின் அடியில் ஒரே ஒரு கையெழுத்து. என்னுடையது.

இல்லை, பயம் சிறியதாகவில்லை.

மார்ச் 11

போனைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். எழுதுவதை அது ஒட்டுக்கேட்டுவிடுமா என்ன?

மார்ச் 16

என் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உதவி இயக்குநர், முப்பது வயதுப் பெண், கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பு நிறைந்த சபையில் என் அட்டவணையில் தப்புக் கண்டுபிடித்துத் திருத்தியவள். நான் மறக்கவில்லை. நான் எதையும் மறப்பதில்லை, அதுதான் என் வியாதி.

“உங்க ஆய்வேட்ட லைப்ரரியில எடுத்துப் படிச்சேன் சார். அதையும் எழுதிட்டு, இந்த இரண்டாயிரத்தையும் நீங்களேவா எடுத்தீங்க?”

இருபத்து நான்கு வருடம் கழித்து எனக்கு ஒரு வாசகி. அது இவளாகத்தானா இருக்க வேண்டும்? மறுசோதனை வேண்டும் என்று கடிதம் எழுதப்போகிறாளாம். நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பட்டியலை நிறுத்திவிடலாம் என்றாள். மேலிட விவகாரத்தில் மூக்கை நுழைக்காதே என்றேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மார்ச் 24

பெயர் நீக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டுவிட்டார்கள். சோதனை முறையாக நடந்ததா என்று நீதிமன்றம் கேட்கிறது. சோதித்த அதிகாரி பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அதாவது நான்.

இயக்குநர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். குடியிருப்பு, ஜனவரி ஒன்று, என் அவசரம். அவன் தேநீரை ஆற்றிக் குடித்து முடித்தான்.

“தெரியும். அந்த அத்தியாயத்த உன்ன விட நான்தான்டா அதிகம் தடவ படிச்சிருப்பேன்.”

“அப்புறம் ஏன் என்கிட்ட குடுத்த?” என்றேன். என்னையறியாமல் ஒருமை வந்துவிட்டது.

“வேற யாராவது செஞ்சிருந்தா, தெரியாம நடந்துடுச்சுன்னு சொல்லித் தப்பிச்சுக்குவான். பிரச்சனை என் தலையில வந்து விடியும். நீ அப்படிச் சொல்ல முடியாதே. இத பத்திப் புத்தகமே எழுதினவனாச்சே.” பிறகு சாதாரணமாகக் கேட்டான், “பொண்ணுக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சா?”

என் மகள் அந்த மென்பொருளைச் செய்த நிறுவனத்தில்தான் இருக்கிறாள். அவன் ஒரு வார்த்தை சொல்லித்தான் எடுத்தார்கள். அடுத்த மாதம் ஆகும் என்றேன்.

“ஆயிடும், ஆயிடும்,” என்றான்.

மார்ச் 25

லிஃப்டில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். என்னைப் பார்த்தா? எல்லாம் என்னைப் பற்றித்தான் என்று நினைப்பது அகம்பாவம் என்பாள் மனைவி. பயம் வந்தால் எல்லோருக்கும் அந்த அகம்பாவம் வரும் போலிருக்கிறது.

உண்மையைச் சொன்னால் தெரிந்தே செய்தான் என்பார்கள். பொய் சொன்னால் தெரிந்தே சொன்னான் என்று ஆகும், ஆனால் அது யாருக்காவது தெரியவந்தால்தான். இந்தக் கணக்கைப் போடத்தானா இவ்வளவு படித்தேன்?

மார்ச் 30

உதவி இயக்குநரை மாற்றிவிட்டார்கள். எல்லையோரத்தில் இரண்டு அறை ஆபீஸ். மறுசோதனை கேட்டுக் கடிதம் எழுதிய ஐந்தாம் நாள். மேஜையைக் காலி செய்துவிட்டுச் சொல்லிக்கொள்ள வந்தாள். நான் கோப்பில் எதையோ தேடுவதுபோல் இருந்தேன்.

“என் பேச்ச விடுங்க சார், கோர்ட்டுல அத யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

போய் வா என்றுகூடச் சொல்லவில்லை. இப்போது வீட்டில் உட்கார்ந்து சொல்கிறேன்: போய் வா அம்மா.

ஏப்ரல் 2

ஞாயிற்றுக்கிழமை. உண்மையை எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. நல்ல நடையாகவும் இருந்தது. படித்துப் பார்த்தபோது நானே கொஞ்சம் பெரிய மனிதனாகத் தெரிந்தேன். வாசலில் ஏதோ வண்டி வந்து நின்ற சத்தம். எதிர்வீட்டுக்குப் பார்சல்.

அதற்குள் தாளைச் சுக்குநூறாகக் கிழித்திருந்தேன். ஒரு பார்சல்காரனுக்கே இந்தப் பாடு.

ஏப்ரல் 4

சோதனை முறையாக நடந்தது என்று பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து.

ஏப்ரல் 19

நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. “துறையிலேயே இதில் ஆழ்ந்த புலமை கொண்ட அதிகாரி” என்று தீர்ப்பில் என்னைப் பற்றி ஒரு வரி. இருபத்து நான்கு வருடமாக நான் ஏங்கிய வரி. மனைவி அதைச் சத்தமாகப் படித்தாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஏப்ரல் 26

பெருக்க வேறொருத்தி வருகிறாள். பட்டியலில் இல்லாதவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தக்காரருக்கு உத்தரவாம். அந்த அம்மாள் போகும்போது என்னைத் தேடினாளாம். நான் கூட்டத்தில் இருந்தேன். கூட்டம் எதுவும் இல்லை. மாடிப்படிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மே 19

காலை எட்டரைக்கு ஓட்டுப் போடப் போனோம். எங்கள் குடியிருப்புக்கும் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துத் தெருக்களுக்கும் ஒரே பள்ளிக்கூடம்தான். போன தேர்தலில் இரண்டரை மணி நேரம் நின்றோம். தள்ளுமுள்ளு, குழந்தைகள் அழுகை, முன்னால் நுழைந்த ஒருத்தியோடு எனக்கு வாய்ச்சண்டை வேறு.

இந்த முறையும் மைதானம் முழுக்கக் கயிறு கட்டி, வரிசைக்காக வளைத்து வளைத்து வழி விட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஏழு பேர். எல்லோரும் குடியிருப்புக்காரர்கள், வணக்கம் சொல்லிக்கொண்டோம். குறுக்கே போகலாமா என்று கேட்டதற்குக் காவலர் கூடாது என்றார். காலி வளைவுகளுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தோம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கால்வாய்ச் சுவரில் அந்தத் தெருக்காரர்கள் சிலர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“இந்த தடவ சிரமமே இல்ல சார்,” என்றார் மை வைத்தவர்.

“நல்ல ஏற்பாடு பண்ணியிருக்காங்க, இல்லீங்க?” என்றாள் மனைவி.

ஆமாம் என்றேன். ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.