நீங்கள் வைத்த விலை

நான் முகம் பார்த்திராத அக்காவுக்கு,

நீங்கள் காய்ச்சலில் போய் இரண்டு வருடத்தின் பின், புங்குடுதீவில் இருந்து உங்கள் வீட்டுக்கு இரண்டாந்தாரமாக வந்தவள் எழுதுகிறேன். உங்கள் மகள் வசந்தி சுகம். பதின்மூன்று வயதாகிவிட்டது. என்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

உங்களோடு எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. நெடுந்தீவில் எதை வாங்கப் போனாலும் எனக்கு முன்னால் நீங்கள் நிற்கிறீர்கள். கரையில் மீன் விற்கிற திரேசம்மாவிடம், "அறாவிலை சொல்லாதேங்கோ" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார்.

"மூத்தவ இப்பிடியே கேட்பா? மீனைப் பாராமல் என்ரை பிள்ளையளைச் சுகம் கேட்பா. பிறகு தானே ஒரு விலை வைப்பா. இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வராது."

இதையெல்லாம் எங்கே பழகினீர்கள்? நானும் கண்ணாடிக்கு முன்னால் பேசிப் பார்த்தேன். "கட்டாதெண்டால் விடுங்கோ, நான் வாறன்." என் வாயில் அது சண்டைக்கு இழுப்பது போலவே வந்தது.

போன கிழமை பக்கத்து வளவு ராசமக்கா வெளிநாடு போக வெளிக்கிட்டார். தையல் மெசினை விற்க வேண்டும். மறுநாள் படகு; வேறு ஆள் தேட நேரமில்லை என்று எனக்குத் தெரியும். பாதி விலைக்குக் கேட்டேன்.

"பாதிக்குக் கட்டாது, பிள்ளை."

"அப்ப வைச்சிருங்கோ" என்று படலைவரை நடந்தேன். கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது. அந்த உடைவைக் கேளாதவள் போல் பாதி விலையைக் கொடுத்து மெசினைத் தூக்குவித்துக்கொண்டு வந்தேன், ஒருமுறையாவது நம் வீட்டுக்காரர் என்னைப் புகழட்டும் என்று.

அவர் மெசினின் சக்கரத்தை ஒருமுறை சுற்றினார். "ஊரை விட்டுப் போறவையிட்ட அவ விலை பேசமாட்டா" என்றார். அவ்வளவுதான்.

எரிந்தது, அக்கா. பேரம் பேசாததிலும் நீங்கள்தானா முதல்?

விடிய எழும்பி மிச்சக் காசைக் கொண்டுபோய் ராசமக்காவின் கையில் வைத்தேன். கையை விடாமல், "உம்மை நான் மறக்கமாட்டன்" என்றார். உங்கள் பேச்சை எடுக்கவில்லை. படகு ஏறும்வரை பக்கத்திலேயே நின்றேன், எங்கே எடுத்துவிடுவாரோ என்று.

ஒன்று சொல்லி வைக்கிறேன். அந்த மெசினில் வசந்திக்குத் தையல் பழக்கப்போவது நான்தான். உங்களுக்கு ஊசியில் நூல் கோர்க்கவும் பொறுமை இல்லையாம், நம் வீட்டுக்காரரே சொன்னார். அதைக் கேட்ட நாளில் இருந்து எனக்கு நல்ல நித்திரை. அவள் தைக்கும் முதல் சட்டையை ஊரெல்லாம் காட்டுவேன், சின்னம்மா பழக்கியது என்று.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைக்குச் சின்னம்மா,
உங்களுக்குத் தங்கச்சி