சீரியல் நம்பர் இல்லாத ரூல்

மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு இந்துமதி திரும்புவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில், அவள் கணவன் தமிழ்செல்வன் ஒரு துணி சாம்பிள் அட்டையின் பின்பக்கத்தில் எழுதினான்.

“இந்து, அரிசிம்பருப்பு சாதம் குக்கர்ல இருக்குது. சாவி மீட்டர் பொட்டி மேல. எம்ப்ராய்டரி மெஷினைப் பாக்க மெக்கானிக் பதினோரு மணிக்கு வருவாரு.”

இதுவரை சுலபமாக வந்தது. அடுத்த வரிக்குப் பேனா நகரவில்லை.

எட்டு மாதமாக அவள் வரைந்த குழந்தைச் சட்டை டிசைன்கள் நேற்று அவள் தன் பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகியதும் அழிந்துபோயின. “என்னத்தையோ அமுத்திப்போட்டே” என்று அவன் கத்தினான். “செருகுனேன். அவ்வளவுதான்” என்றாள். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவனிடம் அவள் ‘ங்க’ போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

கடைசியில் எழுதினான்: “காலைல கம்ப்யூட்டரைப் பாத்தேன். தப்பு என் மேலதான். மெஷினுக்கு டிசைன் கொண்டுபோற பென் டிரைவைச் செருகுனா, பழசை அழிச்சுட்டுப் புது டிசைனைத் தானா ஏத்தோணும்னு கம்ப்யூட்டரோட லினக்ஸ்ல ஒரு ரூல் எழுதி வெச்சிருந்தேன். அந்த டிரைவுக்குன்னு தனியா இருக்கற சீரியல் நம்பரைப் போடாம உட்டுட்டேன். அதனால எதைச் செருகுனாலும் அழிச்சிருக்குது. இப்ப நம்பர் போட்டாச்சு. உன்ற டிரைவைக் கோயமுத்தூருக்கு எடுத்துட்டுப் போறேன். மீட்டுத் தர ஒரு கடை இருக்குதாம். கெடைக்கும்னு சொல்ல முடியாது.”

அட்டை நிறைந்துவிட்டது. ஓரத்தில் பொடி எழுத்தில் ‘மன்னிச்சுக்கோ’ என்று நுழைத்தான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, அதன் பக்கத்தில் ‘ங்க’ சேர்த்தான்.