வாப்பா தாடியை வழித்துக்கொண்டு வந்த வெள்ளிக்கிழமை

786

கல்முனைக்குடி
17.02.1982

அன்புள்ள ஜெமீல் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா, உம்மா, நான் மூவரும் அல்லாஹ்வின் கிருபையால் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உறையில் வாப்பாவின் கையெழுத்து இல்லாமல் என்னுடையதைக் கண்டதும் யாருக்கோ மௌத்து என்று உங்களுக்கு நெஞ்சு பதறியிருக்கும். அதற்காக முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டிலிருந்து உங்களுக்குக் கடிதம் எழுதுவது வாப்பாதான், அந்த இடத்தில் நான் உட்கார்ந்து எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. வாப்பாவைப் பற்றிய விஷயம் என்பதால் அவர் எழுத மாட்டார். உம்மாவுக்கு எழுதத் தெரியாது. உம்மா பக்கத்தில் வெற்றிலைத் தட்டத்தோடு இருந்து, இதை எழுது, அதை விடாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பெற்றவர் எழுதும் கடிதமாகவே இதை வாசியுங்கள், கை மட்டும் என்னுடையது.

காக்கா, போன வெள்ளிக்கிழமை வாப்பா தாடியை வழித்துவிட்டார். எழுதிப் பார்க்கும்போது இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை, ஆனால் எங்கள் இருவருக்கும் இன்னும் அந்தத் திடுக்கம் போகவில்லை. காலையில் புது வீட்டு வேலைக்குச் சீமெந்து பார்க்கக் கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். உம்மா முற்றத்தில் அவித்த நெல்லைக் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். படலையைத் திறந்துகொண்டு ஓர் ஆள் உள்ளே வந்ததைக் கண்டதும் உம்மா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஓடி வந்து, கதவுக்குப் பின்னால் நின்று, "ஆரது? ஊட்டுல ஆம்புளையள் ஒருத்தரும் இல்ல, பொறகு வாங்க" என்று சத்தம் போட்டார். வெளியில் இருந்து, "புள்ள, நாந்தான்" என்று குரல் வந்தது. உம்மாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. "நாந்தான் எண்டா ஆரு? பேரச் செல்லுங்க" என்றார். முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த மனிதர் தன் வீட்டு வாசலில் நின்று, "முகைதீன்பாவா" என்று பெயர் சொன்னார். நான் எட்டிப் பார்த்தேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தின் மேல்பாதி வாப்பா, கீழ்ப்பாதி வேறு யாரோ. வெயில் படாத அந்தத் தாடை வெளுத்துப்போய்க் கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் அது யாருடைய தாடை என்று தெரிந்தது, உங்களுடையது காக்கா. 

ஏன் என்று கேட்டதற்கு ஒன்றும் சொல்லாமல் குளித்துவிட்டு ஜும்ஆவுக்குப் போய்விட்டார். பள்ளிக்குள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தொழுகை முடிந்து வெளியில் வந்ததும் மக்கீன் மாமா எல்லோருக்கும் கேட்க, "முகைதீன்பாவா காக்கா, மகளுக்கு மாப்புள தேடுறீங்க எண்டுதானே கேள்விப்பட்டம், இப்ப பாத்தா மாப்புள நீங்கதான் போல" என்று சொல்ல, கூட்டமாகச் சிரித்திருக்கிறார்கள். வாப்பா வீட்டுக்கு வந்து சேர முதலே பக்கத்து வீட்டு ஸுல்பிகா மாமி அந்தச் செய்தியைக் கொண்டு வந்துவிட்டார். உம்மா அதை நம்பிவிட்டார். வயது ஐம்பத்திரண்டு, கையில் பென்சன், மகன் சவூதியில், ரெண்டாம் கலியாணம் இல்லாமல் வேறு எதற்காகத் தாடியை வழிப்பது என்று தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். வாப்பா வந்தபோது சோறு போடவில்லை. நான்தான் போட்டேன். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சட்டைப் பையிலிருந்து சின்னப் படங்களை எடுத்துப் பாயில் வைத்தார், எல்லாம் அந்த வழித்த முகத்தோடு எடுத்தவை. உம்மா, "இது எந்தப் பொண்ணுக்குக் காட்ட எடுத்த படம்?" என்று கேட்டார். வாப்பா, "பாஸ்போட்டுக்கு. நான் சவூதிக்குப் போகப் போறன்" என்றார்.

அந்த நிமிடத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.  உம்மா மெல்லச் சொன்னார், "ரெண்டாம் கலியாணம் எண்டாலும் பறவால்லியே, ஊருக்குள்ளயாவது இரிப்பாரு." இதை எழுத வேண்டாம் என்று இப்போது என் கையைத் தட்டுகிறார், நான் எழுதிவிட்டேன்.

விஷயம் இதுதான். ஏஜென்சிக்காரர் பளீல், ஜுபைலில் ஒரு கம்பெனிக் கேம்புக்குக் காவல்காரர் வேலை இருக்கிறது, அடுத்த மாதக் கடைசியில் ஆள் போகவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். தாடியோடு பார்த்தால் அறுபது வயது மதிப்பார்கள், வழித்துவிட்டு வாருங்கள், வயதையும் நான் குறைத்துத் தருகிறேன் என்றாராம். "தாடியக் குறைச்சன், வயசக் குறைக்க ஏலா எண்டு செல்லிட்டன்" என்று வாப்பா எங்களிடம் பெருமையாகச் சொன்னார். ஜுபைல் உங்கள் தம்மாமுக்குப் பக்கம்தானே, ஜெமீல் இருக்கிறான்தானே என்றும் சொன்னார். ஆனால் உங்களுக்கு அறிவிக்க வேண்டாமாம், போய் இறங்கிய பிறகு சொல்லலாமாம். பணமும் காரணமில்லை காக்கா. நீங்கள் அனுப்புவதில் குறை என்று நினைத்துவிடாதீர்கள், இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை.

குறை எங்கே என்று நான் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அதன் பெயர் மட்டும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சம்பளம் கூடியதும், "வாப்பா இனி வெயிலில் தபால் சைக்கிள் மிதிக்க வேண்டாம், பென்சனை எடுத்துக்கொண்டு வீட்டில் இருங்கள்" என்று எழுதினீர்கள். உம்மா சந்தோஷப்பட்டார். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த நானும் பேராதனையிலிருந்து அப்படியே எழுதினேன், எங்கள் வாப்பாவுக்கு இனி ஓய்வு என்று ஹோஸ்டல் பிள்ளைகளிடமும் சொன்னேன். முதல் சில மாதம் நன்றாகத்தான் போனது. சுபஹு தொழுதுவிட்டு வந்து திரும்பப் படுத்தார், இருந்த தாடியை இன்னும் நீளவிட்டார், உம்மாவோடு கதிர்காமம் பக்கம் உள்ள, இறைநேசர்கள் அடங்கிய சியாரத்துக்கெல்லாம் போய் வந்தார். பிறகு ஊர் அவரைக் கண்டுகொண்டது. சங்கக்கடையில் வரிசை நிற்க வேண்டுமா, யாருடைய பிள்ளையையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமா, மௌத்தானவரின் மையித்துக் குளிப்பாட்ட ஆள் குறைகிறதா, "நீங்க சும்மாதானே இரிக்கீங்க" என்று படலையில் வந்து நிற்பார்கள். சும்மாதானே என்ற அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் வாப்பா காதைச் சொறிவார். வீட்டுக்குள் இருந்தால் உம்மாவின் கறிக்கு மிளகாய் கூட, உப்புக் குறைவு என்று அடுப்படிக்கு வந்துவிடுவார், உம்மா, "வேலைக்குப் போன காலத்துல இந்த மனிசன் எவ்வளவு நல்ல மனிசன்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

இன்னுமொன்று நான் கண்டது. வாப்பாவுக்குப் பிறகு எங்கள் பகுதிக்கு வந்த தபால்காரர் பாண்டிருப்புக் கனகசிங்கம். நல்ல மனிதர். வந்த புதிதில் அவருக்குச் சவூதிக் கடிதங்கள் பெரிய தலையிடி. நம்முடைய ஆட்கள் கலியாணம் முடித்ததும் பொண்டாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஆனால் கூட்டாளிமார் அனுப்பும் கடிதம் பழைய விலாசத்துக்கே, உம்மா வீட்டுக்கே வரும். ஒரே பெயரில் ஒரு தெருவில் மூன்று பேர் வேறு. கனகசிங்கம் ஒவ்வொரு நாளும் படலையில் சைக்கிளை நிறுத்தி, "காக்கா, இந்தக் கச்சிமுகம்மது இப்ப எந்த ஊட்ட இருக்கார்?" என்று கேட்பார். வாப்பா கடித்துக்கொண்டிருக்கும் பாணைக் கூட வைத்துவிட்டு ஓடுவார். இன்னாருடைய மகளை முடித்தார், கிணற்றடி ஒழுங்கையில் மூன்றாவது வீடு, நாய் இருக்கிறது மணியை அடித்துவிட்டு நில் என்று அவ்வளவும் சொல்லிக் கொடுப்பார். மணிச் சத்தம் கேட்கும் நேரத்துக்கு முதலே மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் படலைப் பக்கம் நிற்பார். போன வருடக் கடைசியில் கனகசிங்கத்துக்கு எல்லா வீடும் பிடிபட்டுவிட்டது. இப்போது நம்முடைய கடிதம் இருந்தால் தந்துவிட்டு, "வாறன் காக்கா" என்று போய்விடுகிறார். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. முதல்முறை அப்படிக் கேட்காமல் போன அன்று வாப்பா பகல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

இதை எழுதுவதற்குப் பயமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் கடிதங்களும் மாறிவிட்டன காக்கா. முன்பெல்லாம் வாப்பா எப்படி, முழங்கால் எப்படி என்று எழுதுவீர்கள். இப்போது மேசன் எத்தனை வரி கல் வைத்தான், யன்னலுக்கு மரம் வந்ததா, முன் ஹோலுக்குக் கலர்க் கண்ணாடி போடச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள், ஏமாற்றிவிடுவான் என்று முழுக்க வேலைதான். தங்கைக்கு வீடு கட்டி முடியாமல் எனக்குக் கலியாணம் இல்லை என்று நீங்கள் கஷ்டப்படுவது எனக்குத் தெரியும், அதை நினைத்தால் சோறு இறங்காது. ஆனால் வாப்பா உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து வைக்கும்போது பார்த்தால், ஓய்வுக்கு வீட்டுக்கு வந்த தகப்பனாக இல்லை, உங்களுடைய கங்காணியாகத்தான் அவர் இருக்கிறார்.

சனிக்கிழமை தனியாக இருந்தபோது கேட்டேன், வேலையை நேரத்தோடு விட்டது பிழை என்று நினைக்கிறீர்களா வாப்பா என்று. சொன்னார், "வேல லேசில்ல மகள். முழங்கால் நோவு இன்னம் இரிக்கி. அந்த வெயிலும் அந்தச் சைக்கிளும் எனக்குத் திருப்பி வேணாம். ஆனா, விடுங்க விடுங்க எண்டு எல்லாரும் சென்னீங்க, விட்டுப்போட்டு என்ன செய்யிற எண்டு ஒருத்தரும் செல்லல்லியே."  பட்டம் எடுத்துக்கொண்டு வந்து நியமனம் வரும் வரும் என்று இருக்கிற எனக்கு அது விளங்கியிருக்க வேண்டும். எல்லோரும் இப்படி வருந்துவதில்லை என்பதும் உண்மை. பாண்டிருப்புச் சாமித்தம்பி ஓவசியரும் வயதுக்கு முதல்தான் பென்சன் எடுத்தார், கந்தோரை ஒருநாளும் கனவில்கூடக் காணவில்லை என்று சொல்லிச் சொல்லிக் கரைவலைக்காரர்களோடு கடற்கரையில் சிரித்துக்கொண்டு திரிகிறார். அவர் தானாக விட்டவர். வாப்பாவை விடவைத்தது நாங்கள்.

உம்மா இப்போது சொல்லச் சொல்வது, பளீலின் தம்பி உங்கள் கம்பெனியில்தானே இருக்கிறார், அவர் மூலம் சொல்லி எப்படியாவது இந்தப் பயணத்தை நிறுத்த வேண்டுமாம். அது முடியாவிட்டால், "எனக்கு நெஞ்சு நோவு எண்டு எழுது, ரெண்டு நாளா எழும்பல்ல எண்டு எழுது, வாப்பாவ நிப்பாட்டச் செல்லி ஜெமீல் தந்தி அடிக்கட்டும்" என்கிறார். உம்மாவுக்கு நெஞ்சு நோவு இல்லை, நெல் முழுவதையும் காலையில் அவரேதான் அள்ளினார். ஆனால் இரவில் நித்திரை இல்லை என்பது உண்மை. காவல்காரர் என்றால் வெயிலிலும் குளிரிலும் வெளியில்தானே நிற்க வேண்டும், இந்த வயதில் அந்த முழங்காலோடு எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கும் அதே பயம்தான். வாப்பா கேட்டில் நின்று அரபிகளின் வாகனங்களுக்கு அதைத் திறந்து மூடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மற்றப்படி இங்கே வெட்டு நடக்கிறது, நம்முடைய வயலில் விளைச்சல் மோசமில்லை. நீங்கள் அனுப்பிய துணி வந்து சேர்ந்தது. அங்கே குளிர் என்று எழுதியிருந்தீர்கள், காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போக வேண்டாமாம், உம்மா சொல்கிறார். வயிற்று எரிவுக்கு மருந்தை மறக்காமல் குடிக்கட்டுமாம், தொழுகையை விட வேண்டாமாம், சாப்பாட்டில் கஞ்சத்தனம் பண்ண வேண்டாமாம். உங்களுடைய உழைப்பில் பரக்கத்தும் உடம்பில் ஆரோக்கியமும் தந்து, உம்மாவின் கண்ணுக்கு முன்னால் உங்களைக் கொண்டு வந்து நிறுத்த அல்லாஹ்விடம் ஐந்து நேரமும் கை ஏந்துகிறாராம். உம்மாவின் சலாமும் துஆவும். இவ்வளவும் சொல்லிவிட்டு அஸர் தொழுகைக்கு ஒளுச் செய்ய எழும்பிவிட்டார்.

இனி எழுதுவது நான் மட்டும். முதல் வரியிலிருந்தே கேட்க நினைத்து, கேட்கத் துணிவில்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். திங்கட்கிழமை கனகசிங்கம் படலையில் நின்று ஒரு செய்தி சொன்னார். நம்முடைய பகுதிக்கு ஓர் உப தபால் கந்தோர் வரப்போகிறதாம். தெருப் பக்கம் ஓர் அறை கொடுக்கக்கூடிய, வேலை தெரிந்த ஓர் ஆளைத் தேடுகிறார்களாம், பென்சன் எடுத்தவரானாலும் விண்ணப்பிக்கலாம் என்று தபால் கந்தோர்ப் பெரியவர் சொன்னாராம். "காக்கா, உங்களத்தான் நெனச்சன்" என்றார். வாப்பா திரும்பி, புது வீட்டின் முன் ஹோலைப் பார்த்தார், பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது உங்கள் காசு, என் சீதனம், அதில் தனக்கு ஒரு மூலையும் இல்லை என்று நினைத்திருப்பார். வாய் திறந்து கேட்க மாட்டார். உம்மாவிடம் சொன்னால், பொண் வீட்டு முன் வாசலில் ஊராரெல்லாம் முத்திரை வாங்க வந்து நின்றால் எந்த மாப்பிள்ளை வீட்டார் சம்மதிப்பார்கள் என்பார். அவர் சொல்வதும் சரிதான்.

காக்கா, பயணத்தை நிறுத்த யாரிடமும் போக வேண்டாம், தந்தியும் வேண்டாம். அந்த முன் ஹோலை வாப்பாவுக்குக் கொடுங்கள். செய்யுங்கள் என்று எழுதாதீர்கள், உங்களுக்கு விருப்பமா வாப்பா என்று கேட்டு எழுதுங்கள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். கலர்க் கண்ணாடி வேண்டாம், கடிதம் கொடுத்து வாங்க ஒரு யன்னல் போதும். அதற்குப் பிறகும் அவர் சவூதிக்குத்தான் போவேன் என்றால் போகட்டும், அது அவருடைய முடிவாக இருக்கும். அந்த வீடு எனக்கென்றுதானே கட்டுகிறீர்கள், என்னிடம் கேட்டால் இதுதான் என் விருப்பம். என்னை முடிக்க வருகிறவர் தபால் கந்தோரைக் கடந்து உள்ளே வரட்டும், அதற்கு வெட்கப்படுகிறவர் வராமலே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை
மு. றாஹிலா