கிண்ணத்தின் உள்பக்கம்

என் கமலாக்காவுக்கு,

கடையைக் கீழே இறக்கிவிட்டேன். இதைத்தான் உனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். செவ்வாய்ப்பேட்டையில் அதே சந்துதான். ஆனால் மளிகை மண்டியின் மாடி இல்லை, தெருவை ஒட்டிய அறை. "காலில்லாதவங்களுக்குக் காலு செய்யற கடைய மாடியில வெச்சிருக்கறயே, உம்புத்தி எங்கடா போச்சு?" என்று படியேறி வந்து மூச்சு வாங்கக் கேட்பாயே. நான் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். இப்போது படியே இல்லை, அக்கா.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. மாரடைப்பு என்றார்கள். காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். அவரிடம் அதை இரண்டு முறை கேட்டேன். ஏன் கேட்டேன் என்பது உனக்குத் தெரியாதா?

இருபத்திரண்டு வயதில் லாரி மோதி முழங்காலுக்குக் கீழே உன் கால் போனது. செயற்கைக்காலை மாட்டிக்கொண்டுதான் ஆட்டையாம்பட்டியில் தையல் கடை வைத்தாய். சித்திரை பிறந்தால் தொல்லைதான். மீதிக் கால் உட்காருகிற கிண்ணத்துக்குள் வியர்வை தேங்கி, தோல் ஊறிப் புண்ணாகும். சீழ் பிடித்தால் வாரக்கணக்கில் கடையைப் பூட்டுவாய். லேத் பட்டறையில் இருந்த நான் முப்பரிமாணப் பிரிண்டர் பக்கம் போனதே அதனால்தான். செம்புத் துகள் கலந்த பிளாஸ்டிக் இருக்கிறது, கிருமி அதன்மேல் எளிதில் வளராது என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதில்தான் உனக்குக் கிண்ணம் அச்சடித்துத் தந்தேன். இனிப் புண்ணே வராது என்றும் சொன்னேன்.

பத்தே நாளில் புண் வந்தது.

அன்று நான் பேசியதை உன் கடைக்கு ரவிக்கை வாங்க வந்த இரண்டு பெண்களும் கேட்டார்கள். "நீ ஒழுங்காக் கழுவியிருக்க மாட்ட. பொருள் மேல குத்தமில்ல" என்றேன். நீ தையல் மெஷின் பாபினுக்கு நூல் சுற்ற ஆரம்பித்தாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய காலை மாட்டிக்கொண்டு, புதுக் கிண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு மாடியேறி வந்தாய். கையோடு கொண்டுவந்த ஊசியைக் கிண்ணத்தின் உள்பக்கம் இழுத்துக் காட்டினாய். ஊசி முனையில் சாம்பல் நிறத்தில் அழுக்கு.

"இங்க பாரு சாமி. உள்ளுக்குள்ள வரி வரியா இருக்குது. எத்தன கழுவுனாலும் அழுக்கு இதுக்குள்ள போயி உக்காந்துக்குது. செம்பக் கலந்துட்டா மட்டும் ஆச்சா?"

பிரிண்டர் இழைமேல் இழையாகத்தான் அடுக்கும். இரண்டு இழைக்கு நடுவில் பள்ளம் விழும். அதில் அழுக்கு நிரம்பிவிட்டால் கிருமி அழுக்கின்மேல் குடியிருக்கும். செம்பு கலந்த பிளாஸ்டிக்கை அது தொடுவதே இல்லை. இத்தனையும் படித்தவன் நான். உள்ளே ஒரு முறை பார்க்கத் தோன்றவில்லை. அன்றே உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "சரி பண்றேன்" என்று மட்டும் சொன்னேன். நீயும் அதற்குமேல் பேசாமல், பசிக்கிறது, போண்டா வாங்கி வா என்றாய்.

சரி பண்ணி முடிப்பதற்குள் நீ போய்விட்டாய்.

அதற்கப்புறம் வசந்தா வந்தார். சேந்தமங்கலம் பக்கம் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை. பைக் விபத்தில் உன்னைப் போலவே முழங்காலுக்குக் கீழே கால் போயிருந்தது. செயற்கைக்கால் கிண்ணத்தால் வந்த புண் ஆழமாகி இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்தவர். இன்னொரு முறை சீழ் எலும்புவரை போனால் முழங்காலையும் எடுக்க வேண்டிவரும் என்று அவருடைய டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அந்தச் செயற்கைக்காலைப் பரண்மேல் போட்டுவிட்டு ஊன்றுகோலோடு வீட்டில் இருந்தார். ஊன்றுகோல் பிடித்த கையில் முட்டை அட்டையை எப்படித் தூக்குவது?

எனக்குப் பயம். "எங்க அக்காவுக்கே புண்ணாச்சுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"இப்ப அவங்க எப்படி இருக்கறாங்க?"

நடந்ததைச் சொன்னேன். நீ ஊசியால் காட்டியதையும் சொன்னேன்.

வசந்தா கேட்டார்: "அவங்க காட்டுனதச் சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேனுங்க."

"அப்ப எனக்கும் செஞ்சு குடுங்க."

புண் முழுக்க ஆறட்டும் என்று டாக்டர் இரண்டு மாதம் காக்க வைத்தார். வார்னிஷ் பூசினால் வரி மறையும், ஆனால் செம்பும் உள்ளே மூடிப்போகும். ஆகவே முன்பே சோதித்து வைத்திருந்தபடி இழையை மெலிதாக்கி அச்சடித்து, உள்பக்கத்தை மூன்று நாள் உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தேன். கடைசியில் ஊசியை இழுத்துப் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை.

மாட்டிய ஐந்தாம் வாரம் வசந்தாவின் தோலில் ஒரு சிவப்பு தெரிந்தது. இந்த முறை, கழுவினீர்களா என்று கேட்கவில்லை, அக்கா. கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் வைத்துத் தடவினேன். விளிம்புக்குக் கீழே கடுகளவு மேடு. தேய்த்துக் கொடுத்தேன். நாலு நாளில் சிவப்பு மறைந்தது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி நிழலில் காயவைப்பதாக அவராகவே சொன்னார். செம்பு இருந்தாலும் அதை மட்டும் விட்டுவிடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

சித்திரை, வைகாசி இரண்டும் போய்விட்டன. புண் இல்லை. வசந்தா பண்ணைக்கு முழு நாள் வேலைக்குப் போகிறார். இன்னும் மூன்று பேருக்குச் செய்து தரச் சொல்லி டாக்டர் அனுப்பியிருக்கிறார்.

போன வாரம் வசந்தா கடைக்கு வந்தார். மழைக்காலத்தில் மாற்றிப் போட இன்னொன்று வேண்டுமாம். அளவெடுக்கும்போது கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: "ஏனுங்க, வெளிப்பக்கம் செவப்பாப் போட்டுத் தர முடியுங்களா? இந்தத் தோல் கலரு யாரையும் ஏமாத்தறதில்லீங்க. எனக்குப் புடிச்ச கலர்ல இருந்துட்டுப் போகட்டும்."

முடியும் என்றேன். வெளி ஓட்டுக்கு எந்த நிறமும் போடலாம். அவர் போன பிறகு சிவப்பு இழைச் சுருளை எடுத்து வைத்தேன். ஊர் முழுக்க நிறம் பார்த்துத் துணி தைத்துக் கொடுத்தவள் நீ. உன் காலுக்கு என்ன நிறம் வேண்டும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என்ன சொல்லியிருப்பாய்? மயில் கழுத்துப் பச்சையா?

இனி வருகிற ஒவ்வொருவரிடமும் அளவெடுக்கும் முன் அதைக் கேட்பேன், அக்கா. பதில் சொல்லும்வரை காத்திருப்பேன்.

உன் கூடப் பிறந்தவன்,
முருகேசன்