டூப் ஃபோல்டரில் கிடந்த இரண்டு சீட்டுகள்

என் லாரன்ஸுக்கு,

அந்த மின்னஞ்சல் அசல்தான். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு உறுதியானது. டிக்கெட் விற்கும் நிறுவனத்தின் இணையதள முகவரியை நானே தட்டித் திறந்து, அதிலிருந்த எண்ணுக்குப் பேசினேன். உன் பதிவு எண்ணைக் கேட்ட பெண் சொன்னாள்: "ஆமா சார், குலுக்கல்ல இவருக்கு ரெண்டு சீட் விழுந்திருந்தது. கெடுவுக்குள்ள உறுதி பண்ணல. அடுத்தவங்களுக்குப் போயிடுச்சு."

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. அந்த மேட்ச் முடிந்து ஏழு மாதம்.

நமக்குள் ஒரு வழக்கம் இருந்தது. டிக்கெட் மெயில் எது வந்தாலும் எனக்கு போன் போட்டு வாசிப்பாய். அசலா டூப்பா என்று நான் தீர்ப்புச் சொல்வேன். டூப் என்றால் அதை அழிக்க மாட்டாய். 'டூப்' என்றே பெயரிட்ட ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பாய். "என்னிக்காவது நீ எழுதுறதுக்கு ஆவும்" என்பாய்.

அந்த மெயில் வந்த அன்று நான் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு நடந்த இடத்தின் வாசலில் நின்றிருந்தேன்.

"மச்சி, மேட்சுக்கு ரெண்டு சீட்டு விழுந்துகீதாம். ரெண்டு நாள்ல உறுதி பண்ணணுமாம். இன்னா சொல்ற?"

"விழுந்திருக்கு, ரெண்டு நாள்தான் டைம்... டூப்புக்காரன் இப்படித்தான்டா பேசுவான். தூக்கிப் போடு."

"மெய்யாலுமே குலுக்கல்ல பதிஞ்சேன்டா."

"ஊரே பதிஞ்சிருக்கு. அது அவனுக்கும் தெரியும்."

நீ சிரித்தாய். "சரி நைனா. பேப்பர்காரன் சொன்னா அப்பீல் கிடையாது."

அனுப்பியவர் முகவரியை வாசி என்று நான் கேட்கவில்லை. இரண்டு இடத்தில் விசாரிக்காமல் எந்தச் செய்தியையும் அச்சுக்குக் கொடுத்தவனில்லை நான். உன் விஷயத்தில் ஒரு இடத்தில்கூட விசாரிக்கவில்லை.

மேட்ச் அன்று நான் சேப்பாக்கத்தில் பத்திரிகையாளர் மாடத்தில் இருந்தேன். நீ சாந்தோம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கூப்பிட்டாய். "டிவில காட்டறதுக்கு முன்னாடியே காத்துல சத்தம் வருது மச்சி. விக்கெட்டு தானே?" விக்கெட்தான். "கட்டிக்கினு இத்தினி வருசம் ஆச்சு, பிலோவ ஒரு தபாவாவது உள்ள இட்டுனு போவணும்டா" என்றாய். அடுத்த சீசன் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

போன வாரம் பிலோமினா பேசினாள். "அண்ணே, அவரு பேர்ல இன்னும் டிக்கெட் மெயில் வந்துகினே இருக்கு. 'அன்புள்ள லாரன்ஸ், உங்கள் இருக்கை காத்திருக்கிறது'ன்னு போட்டிருக்கான். கொஞ்சம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். அது டூப். நிறுவனத்தின் பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. கார்டு எண், ஓடிபி எல்லாம் கேட்டது. மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. வழக்கப்படி உன் ஃபோல்டருக்குள் நகர்த்தினேன். அங்கேதான் அன்று நீ வாசித்த மெயில் இருந்தது.

இந்த முறை எழுத்தெழுத்தாக வாசித்தேன். முகவரி சரி. அமுக்கச் சொல்லி எந்த இணைப்பும் இல்லை. உன் கணக்கில் நீயே நுழைந்து உறுதி செய் என்று மட்டும் சொன்னது. கீழே ஒரு பதிவு எண். நிமிர்ந்தால், சமையலறைச் சுவரில் பிலோ இன்னும் கழற்றாத போன வருடத்து மாதா கோயில் காலண்டர். அதன் ஓரத்தில் உன் பென்சில் எழுத்து. அதே எண். டூப்புக்காரனுக்கு அந்த எண் எப்படித் தெரியும்?

உனக்குத் தெரிந்திருந்ததா, லாரன்ஸ்? அன்றைக்கே சமையலறைக்குப் போய் ஒப்பிட்டுப் பார்த்தாயா? பார்த்துவிட்டு, நான் சொன்ன வார்த்தைக்காகப் பேசாமல் இருந்துவிட்டாயா? மாடியிலிருந்து கூப்பிட்ட உன் குரலை அதற்குப் பிறகு எத்தனையோ முறை நினைவில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை.

காபி கொண்டுவந்த பிலோ சொன்னாள்: "நல்லவேளை அண்ணே, அன்னிக்கு நீங்க தடுத்தீங்க. இல்லாட்டி இந்த மனுஷன் ஏமாந்து நின்னிருப்பாரு." சாவு வீட்டிலும் எல்லோரிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்த சீசன் குலுக்கலுக்கு அவள் பெயரில் இரண்டு சீட்டுக்குப் பதிந்திருக்கிறேன். இன்னும் அவளிடம் கேட்கவில்லை. முதலில் சொல்ல வேண்டியது வேறு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வெளியே வரும்போது கோயில் வாசலில் நிற்பேன். அந்த மெயில் அசல் என்றும், விசாரிக்காமலே அதை டூப் என்றேன் என்றும் சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அவள் என்ன சொல்வாள் என்பது ஞாயிறன்று தெரியும். அதன் பிறகும் அவள் என்னை வீட்டுக்குள் விட்டால், புதிய பதிவு எண்ணைக் காலண்டரில் உன் எண்ணுக்குக் கீழே எழுதி வைப்பேன். குலுக்கல் முடிவு அடுத்த வெள்ளிக்கிழமை மாலை.

உன் மச்சி,
ரஹீம்